சைக்கிள் பயணத்துக்குச் சின்ன வேன்: வைத்துக்கொள்வதா, பெரியதாக மாற்றுவதா?

வேனில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு மலைத்தடங்களுக்கும் நீண்ட சாலைகளுக்கும் போகிறவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சைக்கிளுக்காக மட்டும் வேனை மாற்ற வேண்டிய நிலை அரிதாகத்தான் வரும். வேனுக்குள் படுத்து உறங்க ஆரம்பிக்கும்போதுதான் சின்ன வேன் திணற ஆரம்பிக்கும். கீழே வரும் பதில்கள் பெரும்பாலும் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான் இருக்கும்.

எங்கிருந்து யோசிக்க ஆரம்பிப்பது?

வேன் விளம்பரங்களைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு, கடந்த ஒரு வருடத்தில் போன பயணங்களை ஒரு தாளில் எழுதுங்கள். எத்தனை பேர் போனீர்கள், எத்தனை சைக்கிள், இரவு எங்கே தங்கினீர்கள், எது எரிச்சலைத் தந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி போதும். பல பேருக்கு இந்தத் தாளே பதிலைச் சொல்லிவிடும். காலையில் போய் மாலையில் திரும்பும் பயணங்கள்தான் அதிகம் என்றால், உங்களுக்குத் தேவை ஒழுங்கான கட்டும் பெல்ட்டும் ஒரு பழைய கம்பளியும்தான். ஒரே எரிச்சல் ஐந்தாறு வரிகளில் திரும்ப வந்திருந்தால் அதற்குத்தான் மருந்து தேட வேண்டும். வருடத்தில் ஒரே ஒரு முறை வந்த கஷ்டத்துக்காக வண்டியை மாற்ற வேண்டாம். அந்த ஒரு முறைக்குப் பெரிய வேனை வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

சின்ன வேன் என்று எதைச் சொல்கிறீர்கள்?

சிட்ரோயன் பெர்லிங்கோ, ரெனோ காங்கூ, ஃபோக்ஸ்வாகன் கேடி போன்றவை. வண்டியின் மொத்த நீளம் 4.4 முதல் 4.9 மீட்டருக்குள் இருக்கும். சரக்குப் பகுதியின் தரை நீளம் சுமார் 1.8 மீட்டர், நீண்ட மாடல்களில் 2 மீட்டரைத் தாண்டும். இரண்டு சக்கர வளைவுகளுக்கு நடுவே சுமார் 1.2 மீட்டர் அகலம், உள் உயரமும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

நடுத்தரம் என்றால் ஃபோக்ஸ்வாகன் டிரான்ஸ்போர்ட்டர், ஃபோர்டு டிரான்சிட் கஸ்டம் வகை. தரை நீளம் 2.5 மீட்டர் அளவில் இருக்கும். பெரியது என்றால் ஃபியட் டுகாட்டோ, மெர்சிடீஸ் ஸ்பிரிண்டர் போல உள்ளே நிமிர்ந்து நிற்கக்கூடியவை.

இரண்டு சைக்கிள் சின்ன வேனுக்குள் உண்மையிலேயே போகுமா?

போகும். ஆனால் எப்படி வைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

சாலை சைக்கிளின் முழு நீளம் 1.65 முதல் 1.7 மீட்டர் வரை. அது சக்கரத்தோடு அப்படியே நிற்கும். 29 அங்குலச் சக்கரம் வைத்த இன்றைய மலை சைக்கிள் 1.85 முதல் 1.95 மீட்டர் வரை வரும். 1.8 மீட்டர் தரையில் அது நேராக நிற்காது. முன்சக்கரத்தைக் கழற்றினால் சக்கரத்தின் பாதி விட்டம், அதாவது சுமார் 35 சென்டிமீட்டர் மிச்சமாகும். அந்த 35 போதும்.

நீளத்தைவிட அதிகத் தொல்லை தருவது ஹேண்டில்பார். மலை சைக்கிளில் அது 74 முதல் 80 சென்டிமீட்டர் அகலம். இரண்டை ஒரே திசையில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் ஒன்றோடு ஒன்று கொம்பு சிக்கிக்கொள்ளும். அதனால் முதல் சைக்கிளை முன்பக்கம் பார்த்தும், இரண்டாவதைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தும் ஏற்றுங்கள். அப்போது ஒன்றின் ஹேண்டில்பார் இருக்கும் இடத்தில் மற்றதன் பின்சக்கரம் வரும்.

ஏற்றும்போது செய்யும் வரிசை எனக்கு இப்போது கைப்பழக்கமாகிவிட்டது. முதலில் இரண்டு சைக்கிளின் சீட்டையும் அடிவரை இறக்குவேன், இல்லையென்றால் கதவின் மேல் விளிம்பில் இடிக்கும். சைக்கிள்கள் ஒன்றையொன்று பார்க்கும் பக்கத்துப் பெடல்களைக் கழற்றிவிடுவேன். பிரேமில் வரும் கீறல்களில் பெரும்பங்கு பெடலால்தான் வருகிறது. பிறகு செயினும் கியர் மாற்றும் பாகமும் உள்ள வலது பக்கம் இன்னொரு சைக்கிளின் மேல் சாயாதபடி நிறுத்தி, நடுவே கம்பளியைத் தொங்கவிடுவேன். கழற்றிய முன்சக்கரங்களை உறையில் போட்டுச் சுவரோரம் செருகிவிடலாம். சக்கரம் கழற்றியதும் டிஸ்க் பிரேக்கின் நடுவே ஒரு பிளாஸ்டிக் துண்டைச் செருக மறக்காதீர்கள். எண்ணெய் பிரேக்காக இருந்து, வழியில் ஏதோ ஒன்று லீவரை அழுத்திவிட்டால் பேடுகள் ஒட்டிக்கொள்ளும். போன இடத்தில் அவற்றைப் பிரிப்பதற்குள் பாதிக் காலை போய்விடும்.

ஃபோர்க்கை, அதாவது முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவையை, தரையில் பூட்டும் தாங்கி வாங்குவதாக இருந்தால், உங்கள் முன்சக்கர ஆக்சில் (அச்சு) அளவைப் பார்த்து வாங்குங்கள். சாலை சைக்கிளில் பெரும்பாலும் 12 மில்லிமீட்டர் தடிமன், 100 அகலம். மலை சைக்கிளில் 15 தடிமன், 110 அகலம். பழைய சைக்கிள்களில் 9 தடிமன், 100 அகலம். இவற்றை மாற்றி மாற்றிப் பொருத்த முடியாது.

சும்மா சாய்த்து வைத்தால் போதாதா? கட்டத்தான் வேண்டுமா?

கட்டத்தான் வேண்டும். சரக்கு கட்டுவதற்கான ஐரோப்பியத் தரநிலை, பிரேக் போடும்போது சரக்கு தன் எடையில் 80 சதவீத விசையோடு முன்னால் தள்ளும் என்று வைத்துத்தான் கணக்குப் போடுகிறது. 15 கிலோ சைக்கிள் 12 கிலோ விசையோடு உங்கள் சீட்டின் முதுகை நோக்கி வரும் என்று அர்த்தம். இது வெறும் பிரேக்குக்கான கணக்கு. மோதல் என்றால் பல மடங்கு. முன்சீட்டுக்கும் சரக்குப் பகுதிக்கும் நடுவே தடுப்பு இல்லாத வேனில் இந்த விஷயத்தில் கொஞ்சமும் அசட்டை வேண்டாம். தரையில் உள்ள கொக்கிகளில், பிரேமைச் சுற்றி, இரண்டு இடத்தில் பெல்ட் போடுங்கள்.

மூன்றாவது, நான்காவது சைக்கிள் வந்தால்?

இதற்காக வேனை மாற்றுவதற்கு முன் வெளியே மாட்டும் கேரியரை யோசியுங்கள். பின்னால் இழுவைக் கொக்கியில் மாட்டும் வகைதான் எனக்குப் பிடித்தது. சைக்கிளைத் தலைக்கு மேல் தூக்க வேண்டாம், காற்றின் இழுப்பும் குறைவு. சின்ன வேன்களில் இழுவைக் கொக்கி தாங்கும் செங்குத்து எடை பெரும்பாலும் 75 கிலோ அளவில் இருக்கும். உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பது கையேட்டில் இருக்கும். அந்த எடைக்குள் கேரியரின் சொந்த எடையும் அடங்கும். 18 கிலோ கேரியர் என்றால் சைக்கிளுக்கு மிஞ்சுவது 57 கிலோ. சாதாரண சைக்கிள் மூன்று, நான்குகூடப் போகலாம். மின்சார சைக்கிள் என்றால் இரண்டோடு சரி.

நம்பர் பிளேட்டும் பின்விளக்குகளும் மறைந்தால் பல நாடுகளில் கூடுதல் பிளேட்டும் விளக்குப் பலகையும் கட்டாயம். கேரியரை மாட்டிய பிறகு பின்கதவைத் திறக்க முடிகிறதா என்று வாங்கும் முன்பே பாருங்கள். மேல்நோக்கித் தூக்கும் ஒற்றைக் கதவுக்கும், பக்கவாட்டில் திறக்கும் இரட்டைக் கதவுக்கும் இதில் பெரிய வித்தியாசம் உண்டு.

கூரைக் கேரியர் எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. மைலேஜ் குறையும், சத்தம் போடும். மேலே சைக்கிள் இருப்பதை மறந்து தாழ்வான வாகன நிறுத்தத்துக்குள் நுழைந்தால் நொடியில் எல்லாம் முடிந்துவிடும்.

வேனிலேயே தூங்குகிறோம். அப்போதும் சின்ன வேன் போதுமா?

ஆள் ஒருவர், சைக்கிள் ஒன்று என்றால் தாராளமாகப் போதும். 1.2 மீட்டர் அகலத்தில் ஒரு பக்கம் 60 சென்டிமீட்டர் படுக்கை, மறுபக்கம் ஹேண்டில்பாரைத் திருப்பி வைத்த சைக்கிள். முன்சீட்டை மடக்கினால் கால் நீட்டவும் இடம் வந்துவிடும். தனியாகப் போகிறவருக்கு இதைவிடச் சுதந்திரமான ஏற்பாடு வேறு இல்லை என்றே சொல்வேன்.

இரண்டு பேர், இரண்டு சைக்கிள் என்றால் கதையே வேறு. படுக்கை போட்டால் சைக்கிள் வெளியே, சைக்கிள் உள்ளே என்றால் ஆட்கள் வெளியே. நல்ல வானிலையில் இது ஒரு பிரச்சினையாகவே தெரியாது. சைக்கிள்களை வண்டியோடு சேர்த்துப் பூட்டி, மேலே ஒரு தார்ப்பாய் போட்டுவிட்டுத் தூங்கிவிடலாம்.

மழை நாளை நினைத்துப் பாருங்கள். மாலை ஆறு மணிக்குச் சேற்றோடு திரும்புகிறீர்கள். ஷூவிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. உடை மாற்ற வேண்டும், ஆனால் உள்ளே குனிந்து உட்காரத்தான் முடியும். ஒருவர் மாற்றும்வரை மற்றவர் பின்கதவின் அடியில் ஒதுங்கி நிற்க வேண்டும். ஈர உடையைத் தொங்கவிட இடமில்லாமல் ஸ்டியரிங்கில் போடுகிறீர்கள். அடுப்பை வெளியே வைக்க முடியாது, உள்ளே பற்றவைக்கவும் கூடாது. இரவில் இரண்டு பேரின் மூச்சிலிருந்தே ஒரு லிட்டர் அளவுக்கு ஈரம் வரும். காலையில் கண்ணாடியும் கூரைத் தகடும் நனைந்திருக்கும், தலையணையில் சொட்டும். சைக்கிள்கள் வெளியே நனைந்துகொண்டிருக்கும். எங்கேயோ ஒரு சத்தம் கேட்டால் தூக்கம் போய்விடும்.

இப்படி ஒரு இரவு வந்தால் நினைவில் வைத்துச் சிரிக்கலாம். ஒவ்வொரு பயணமும் இப்படியே இருந்தால், நாளடைவில் நீங்கள் போவதையே குறைத்துவிடுவீர்கள். நான் கவனிக்கச் சொல்வது இதைத்தான்: வேனின் அசௌகரியத்தால் பயணங்களைத் தவிர்க்க ஆரம்பித்துவிட்டீர்களா? ஆம் என்றால் மாற்றுங்கள், தயங்க வேண்டாம்.

சரி, நடுத்தர வேன் வாங்கினால் இந்தச் சிக்கல் தீருமா?

பலர் ஏமாறும் இடம் இது. நடுத்தர வேன் பார்ப்பதற்கு மிகவும் பெரிதாகத் தெரியும். ஆனால் தாழ்ந்த கூரை மாடலில் உள் உயரம் 1.4 மீட்டர்தான். சீட்டை இறக்கி, முன்சக்கரத்தைக் கழற்றிய சைக்கிளுக்கு மேல் படுக்கை அமைக்க வேண்டும் என்றால், படுக்கைப் பலகை 90 முதல் 95 சென்டிமீட்டர் உயரத்தில் வரும். மெத்தையையும் கழித்தால் கூரைக்கு மிஞ்சுவது 35, 40 சென்டிமீட்டர். புரண்டு படுக்கவே சிரமம், எழுந்து உட்காரும் பேச்சே இல்லை.

நடுத்தர வேனில் வேலை செய்யும் வழி வேறு. நீளத்தைப் பங்கிட வேண்டும். 2.5 மீட்டரில் 1.9 மீட்டர் படுக்கைக்கு, மிச்ச 60 சென்டிமீட்டரில் சைக்கிளைக் குறுக்காக நிறுத்துவது. உட்புற அகலம் சுமார் 1.7 மீட்டர். முன்சக்கரம் கழற்றிய மலை சைக்கிள் ஏறக்குறைய 1.55 மீட்டர், அதனால் குறுக்கே நிற்கும். ஒன்று வசதியாக நிற்கும். இரண்டு நிற்க வேண்டும் என்றால் ஹேண்டில்பாரைத் தளர்த்தித் திருப்ப வேண்டியிருக்கும்.

இரண்டு பேர் மேலே தூங்க, இரண்டு சைக்கிள் அடியில் நிற்க வேண்டும் என்பதே கனவு என்றால், உயரக் கூரை உள்ள பெரிய வேன்தான் அதற்கு ஒழுங்காகப் பொருந்தும். டுகாட்டோவின் நடு உயர மாடலில் உள்ளே சுமார் 1.9 மீட்டர் உயரம், 1.87 மீட்டர் அகலம். ரொம்ப உயரமில்லாதவர்கள் குறுக்காகவே படுத்துவிடலாம். படுக்கைக்கு மேல் உட்காரும் அளவுக்கு இடமும் இருக்கும்.

பெரிய வேனால் எதை இழப்பேன்?

எங்கும் போய் நிறுத்தும் சுதந்திரத்தை. சின்ன வேன்களின் உயரம் பொதுவாக 1.8, 1.9 மீட்டருக்குள் இருக்கும். தடங்களின் தொடக்கத்திலும் அடித்தள நிறுத்தங்களிலும் வைக்கும் உயரத் தடுப்புகள் பல இடங்களில் 2 மீட்டரை ஒட்டி இருக்கும். டிரான்ஸ்போர்ட்டரின் ஆறாம் தலைமுறை 1.99 மீட்டர், நூலிழையில் தப்பும். 2.5 மீட்டர் டுகாட்டோவுக்கு அந்த வாசல்கள் எல்லாம் மூடியவைதான். குறுகிய மலைச்சாலையில் எதிரே வண்டி வரும்போது பின்னால் எடுக்க வேண்டிவந்தால் 6 மீட்டர் வண்டியின் பாடு தெரியும். எரிபொருள், டயர், காப்பீடு, படகில் ஏற்றும் கட்டணம் என எல்லாமே ஒரு படி கூடும்.

இன்னொன்று. சின்ன வேனை வேலைக்கும் கடைக்கும் தினமும் ஓட்டுகிறீர்கள். பெரியதை அப்படி ஓட்ட மனம் வராது. அது வாரக்கணக்கில் நிற்கும், பேட்டரி இறங்கும், பிரேக் டிஸ்க்கில் துரு படியும். தினசரி ஓட்டத்துக்கு இன்னொரு வண்டி தேவைப்பட்டால், அந்தச் செலவையும் வேன் கணக்கிலேயே எழுதுங்கள்.

மின்சார சைக்கிள் வாங்கியிருக்கிறேன். ஏதாவது மாறுமா?

எடை மாறும். 20 முதல் 25 கிலோ வண்டியைக் கழுத்தளவு தூக்க யாராலும் நெடுநாள் முடியாது, அதனால் தரை தாழ்வான சின்ன வேன் இங்கே வசதி. ஒரு சாய்பலகை வைத்து உருட்டி ஏற்றிவிடலாம். ஏற்றும் முன் பேட்டரியைக் கழற்றினால் மூன்று நான்கு கிலோ குறையும்.

வெயிலில் பூட்டிய வேனுக்குள் பேட்டரியை விட்டுப் போகாதீர்கள். லித்தியம் பேட்டரிக்குச் சூடு ஆகாது. வண்டியிலேயே சார்ஜ் செய்ய ஆசை என்றால் கணக்குப் பாருங்கள். வேனில் தனியாக வைக்கும் 12.8 வோல்ட், 100 ஆம்பியர் மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் இருப்பது 1280 வாட் மணி. ஒரு சைக்கிள் பேட்டரி 500 முதல் 750 வாட் மணி. இன்வெர்ட்டர் இழப்பையும் சேர்த்தால் ஒரு பெரிய சைக்கிள் பேட்டரியை நிரப்புவதற்குள் உங்கள் இருப்பில் பாதிக்கு மேல் போய்விடும்.

எடை தாங்குமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதிவுச் சான்றில் உள்ள மொத்த அனுமதி எடையிலிருந்து காலி எடையைக் கழியுங்கள். மிஞ்சுவதுதான் நீங்கள் ஏற்றக்கூடியது. சரக்கு மாடல் சின்ன வேனில் அது 600 கிலோவைத் தாண்டும், சீட்டுகள் வைத்த குடும்ப மாடலில் குறையும். இரண்டு பேர், சைக்கிள்கள், 20 லிட்டர் தண்ணீர் எல்லாம் அதற்குள் சாதாரணமாக அடங்கும்.

ஆச்சரியமாக இருக்கும், எடைச் சிக்கல் பெரிய வேன்களில்தான் அடிக்கடி வருகிறது. மர அலமாரி, தண்ணீர்த் தொட்டி, பேட்டரி, கூரைப் பெட்டி என்று சேர்த்துக்கொண்டே போய் 3.5 டன் எல்லையை முட்டுவார்கள். சாதாரண கார் உரிமத்தில் ஓட்டக்கூடிய எல்லை பல நாடுகளில் அதுதான். எல்லாவற்றையும் ஏற்றி ஒருமுறை எடைமேடையில் நிறுத்திப் பாருங்கள்.

வண்டி நிறைய ஓடிவிட்டது. அதனாலேயே விற்றுவிட வேண்டுமா?

வேண்டாம். ஓடிய தூரம் ஒன்றும் வயசு இல்லை. ஒழுங்காக எண்ணெய் மாற்றி நெடுஞ்சாலையில் ஓடிய வண்டி, குறைந்த தூரம் ஓடிப் பராமரிப்பு இல்லாத வண்டியைவிட நன்றாக இருக்கும்.

நான் பயப்படுவது துருவுக்கு. வண்டியைத் தூக்கி நிறுத்தச் சொல்லி, கதவுக்குக் கீழே ஓடும் பெட்டித் தகடு, சக்கர வளைவின் உள்பக்கம், சஸ்பென்ஷன் பொருந்தும் இடங்கள், ஜாக்கி வைக்கும் முனைகள் ஆகியவற்றைப் பாருங்கள். மேலே தெரியும் துருவைச் சுரண்டிப் பூசிவிடலாம். சுமை தாங்கும் இடத்தில் ஸ்குரூடிரைவர் உள்ளே போகிறது என்றால் அந்த வண்டிக்கு இனி செலவு செய்யாதீர்கள். ஈர சைக்கிளை ஏற்றி இறக்கும் வேனில் தரை விரிப்பைத் தூக்கியும் பாருங்கள், அடியில் தண்ணீர் தங்கி அரித்திருக்கும்.

டைமிங் பெல்ட்டைத் தூரத்தோடு வருடத்தையும் பார்த்து மாற்ற வேண்டும், ஏனென்றால் ரப்பர் நின்றாலும் கெடும். பெல்ட் அறுந்தால் பெரும்பாலான எஞ்சின்களில் வால்வு வளைந்து, எஞ்சின் வேலையே வந்துவிடும். டீசல் வண்டியைப் பக்கத்துத் தெருவுக்கு மட்டும் ஓட்டினால் புகைவடிகட்டி அடைத்துக்கொள்ளும். நீண்ட பயணம் அதற்கு நல்லது.

பணக் கணக்கை எப்படிப் பார்ப்பது?

பழைய வேனுக்கு அடுத்த இரண்டு வருடத்தில் வரப்போகும் செலவை மெக்கானிக்கிடம் கேட்டு எழுதுங்கள். அதை வண்டியின் இன்றைய மதிப்போடு ஒப்பிட்டுப் பயப்படாதீர்கள். எதிரே வைக்க வேண்டியது புதிய வண்டி இரண்டு வருடத்தில் இழக்கும் மதிப்பு, வட்டி, கூடும் காப்பீடு, உள்ளே மரவேலை செய்யும் செலவு. இந்த நான்கையும் கூட்டினால் பழைய வேனின் கிளட்ச் வேலை சின்னதாகத் தெரியும். அப்படியும் மாற்ற ஆசை இருந்தால் அது தவறில்லை. ஆசை என்று தெரிந்தே மாற்றலாம்.

குழந்தைகளும் வருகிறார்கள் என்றால்?

சீட் எண்ணிக்கைதான் முடிவு செய்யும். பதிவுச் சான்றில் உள்ள, பெல்ட்டோடு கூடிய சீட்டில்தான் குழந்தை உட்கார வேண்டும். நான்கு பேர், நான்கு சைக்கிள் என்றால் சைக்கிள்கள் வெளியே போவதுதான் நடைமுறை.

திருட்டு பயம்?

வேனுக்குள் இருப்பதால் சைக்கிள் பத்திரம் என்று நம்ப வேண்டாம். தரையில் பதித்த வளையத்தோடு பிரேமைச் சேர்த்துப் பூட்டுங்கள். கண்ணாடியில்லாத சரக்கு வேனுக்கு இதில் நல்ல பலம் உண்டு. காப்பீட்டுப் பத்திரத்தில் இரவில் வண்டிக்குள் வைத்த சைக்கிளுக்குப் பொறுப்பு உண்டா என்று படித்துப் பாருங்கள். இல்லை என்று எழுதியிருப்பதும் உண்டு. படுக்கை, மின்னமைப்பு போன்ற மாற்றங்கள் செய்திருந்தால் வண்டிக் காப்பீட்டாரிடமும் சொல்லிவிட வேண்டும்.

மாற்றுவது என்று முடிவு செய்துவிட்டேன். வாங்கப் போகும்போது என்ன செய்ய வேண்டும்?

அளவு நாடாவும் உங்கள் சைக்கிளும் கூடவே வரட்டும். விளம்பரத்தில் தரும் அளவு தரையில் எடுத்தது. கதவின் வாய் அதைவிடச் சின்னது. சைக்கிளை நீங்களே ஏற்றி, கதவைச் சாத்தி, தரையில் படுத்துப் பாருங்கள். விற்பவர் ஒரு மாதிரி பார்த்தாலும் பரவாயில்லை.

அதற்கு முன், அதே அளவு வேனை வாடகைக்கு எடுத்து, மழைக்காலத்தில் இரண்டு மூன்று இரவு தங்கிப் பாருங்கள். வெயிலில் போனால் எல்லா வேனும் நன்றாகத்தான் இருக்கும். பழைய வேனை அவசரமாகத் தள்ளிவிடவும் வேண்டாம். முடிந்தால் புதியதில் ஒரு நீண்ட பயணம் போய் வந்த பிறகு விற்பனைக்கு வையுங்கள். கட்டும் வளையங்கள், தரைப்பலகை, ஃபோர்க் தாங்கி இவற்றையெல்லாம் முதலில் கழற்றி எடுத்துக்கொள்ளுங்கள், புதிய வண்டிக்கு உதவும்.